பல் எடுப்பதற்கு அஞ்ச வேண்டுமா?



பல்வலி கண்டவர் எல்லாரும் அன்றைக்கே மருத்துவரை நாடிச் செல்வதில்லை. முதல் நாள் கிராம்பு. இரண்டாம் நாள் மாத்திரை. மூன்றாம் நாள் முதல் மறுபக்கத்தால் மென்று உண்ணும் பழக்கம். வலி சற்றே தணிந்ததும் பல்லைப் பற்றிய நினைவும் அகன்று விடுகிறது. இது மக்கள் எல்லாருக்கும் பொதுவான இயல்புதான். ஆயினும், தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவரிடம் இதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்து கொள்கிறது. “விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக் கொள்ளலாம். அங்கே மருத்துவரிடம் தமிழில் சொல்லலாம், கஞ்சி வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் உண்டு” என்பதே அந்தக் காரணம்.

இவ்வெண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பல் நோய் நம் விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. தை மாதத்தில் அடைத்துக் காப்பாற்றியிருக்கக் கூடிய பல், சித்திரையில் ஊர் போய்ச் சேர்வதற்குள் எடுக்க வேண்டிய பல்லாக மாறிவிடலாம். அவ்வாறு எடுக்கும் பல்லையும் திரும்பி வரும் இரயிலுக்கு முதல் நாள் எடுத்துக் கொள்ளும் வழக்கம் உண்டு. இவ்விரண்டும் ஏன் தவறு என்பதையும், பல் எடுத்தல் என்ற செயல் உண்மையில் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் பல்லின் அமைப்பை அறிந்து கொள்ள வேண்டும். வயது வந்தவர்களுக்கு ஞானப்பற்கள் நான்கும் சேர்த்து 32 பற்கள். ஒவ்வொரு பல்லின் தலைப்பகுதியையும் எனாமல் என்னும் உறை மூடியிருக்கிறது. நம் உடலில் உள்ள பொருள்களுள் மிகவும் கடினமானது அதுவே. அதன் கீழே தந்தினி என்னும் அடுக்கு உள்ளது. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், இரத்தக் குழாய்களும் நரம்பும் அமைந்த பற்கூழ் இருக்கிறது. சொத்தை எனாமலில் மட்டும் இருக்கும்போது வலி தோன்றாது. தந்தினியை எட்டியபின் குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் கூச்சம் உண்டாகும். அந்த நிலையில் சென்றால் சொத்தையைச் சுரண்டி அடைத்து விடுவார்கள், காரியம் முடிந்தது. பற்கூழை எட்டிய பின்னரோ இரவில் படுத்தவுடன் விண்விண்ணென்று தெறிக்கும் வலி தொடங்கும்.

இதற்கு அடுத்த நிலைதான் மக்களைப் பெரிதும் ஏமாற்றுவது. சில நாள்களில் அந்த வலி தானே நின்று விடும். “பல் சரியாகி விட்டது” என்று மகிழ்ந்து விடுகிறோம். உண்மை யாதெனில், உள்ளிருந்த நரம்பு இறந்துவிட்டது. வலியைச் சொல்வதற்கு இனி அங்கே யாரும் இல்லை. நோய்க் கிருமிகளோ வேரின் நுனித் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக் கொண்டிருக்கின்றன. பின்னர் ஒரு நாள் கன்னம் வீங்கிச் சீழ்க்கட்டியாக அது வெளிப்படுகிறது. ஆகவே, வலி நின்று போவது நோய் நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. மருந்துக் கடையில் நாமே வாங்கி உண்ணும் கிருமிக்கொல்லி மாத்திரையும் இதைத் தீர்ப்பதில்லை. மருந்து இரத்தத்தின் வழியாகவே செல்கிறது. இறந்துபோன பற்கூழுக்கோ இரத்தம் செல்வதில்லை. வலிக்கும் பல்லின் அருகே ஆஸ்பிரின் மாத்திரையையோ புகையிலையையோ அடக்கிக் கொள்வது ஈற்றைப் புண்ணாக்குமேயன்றிப் பல்லுக்கு ஒரு நன்மையும் செய்யாது.

அப்படியானால் சொத்தை விழுந்த பல்லையெல்லாம் எடுத்துவிட வேண்டுமோ? வேண்டியதில்லை. நரம்பு இறந்த பல்லையும் வேர்க்குழாய் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பற்கூழை நீக்கி, வேரின் உட்குழாயைத் துப்புரவு செய்து, அடைத்து, மேலே உறை பொருத்துவது அம்முறை. ஈற்றுக்குக் கீழே உடைந்து போன பல், வேர் நெடுக்கில் பிளந்த பல், எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருக்கும் பல், முளைக்க இடமின்றிக் குறுக்கே கிடந்து அடிக்கடி வீக்கம் தரும் ஞானப்பல் ஆகியவையே எடுப்பதற்கு உரியவை. எனவே மருத்துவர் “எடுக்க வேண்டும்” என்று சொன்னால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எக்ஸ்ரே படத்தில் என்ன தெரிகிறது? இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா? எடுத்தபின் அந்த இடத்தை எவ்வாறு நிரப்புவது? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்ள மாட்டார்.

இங்கே ஒரு பழைய அச்சத்தையும் நீக்க வேண்டும். மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வடநாட்டு அண்டை வீட்டாரும் அதையே சொல்லக் கேட்கலாம். மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் 12 இணைகள். அவற்றுள் இரண்டாவது பார்வைக்கு உரியது. பற்களுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது நரம்பு. அது மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றிக்கும், மேல் தாடைக்கும், கீழ்த் தாடைக்கும் செல்கிறது. ஒரே நரம்பின் கிளைகளாதலால், மேற்பல்லின் வலி சில வேளைகளில் கண்ணருகிலும் பொட்டிலும் தெறிப்பது போலத் தோன்றும். ஆனால் பார்வை நரம்போடு அதற்குத் தொடர்பில்லை. நாற்பது வயதை ஒட்டிப் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுவதும், பற்கள் ஒவ்வொன்றாகக் கெடுவதும் ஒரே காலத்தில் நேர்வதால் இந்த நம்பிக்கை வேர் ஊன்றியிருக்கலாம்.

இனி, எங்கே செல்வது என்ற கேள்வி. 1920-ஆம் ஆண்டில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்று அவர் பெயரையே தாங்கி அரசுக் கல்லூரியாக விளங்குகிறது. மும்பையில் நாயர் மருத்துவமனையைச் சேர்ந்த பல் மருத்துவக் கல்லூரியும், தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும், பெங்களூரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. இத்தகைய இடங்களில் குறைந்த செலவில் தேர்ந்த சிகிச்சை கிடைக்கும். தனி மருத்துவரிடம் செல்வதாயின், அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இந்நாட்டில் இத்தொழிலுக்குப் பதிவு முறையைக் கொண்டு வந்தது. கடைத்தெருவின் நடைபாதையில் குறடும் பல்செட்டும் பரப்பி அமர்ந்திருப்பவரிடம் சில ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் கொதிகலத்தில் தூய்மை செய்யப்படாத கருவியின் வழியே மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் கிருமி ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் உடலுக்குச் செல்லக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. பல்லைக் கன்னடர் ‘ஹல்லு’ என்றும், தெலுங்கர் ‘பன்னு’ என்றும், மலையாளிகள் ‘பல்லு’ என்றும் சொல்லுகிறார்கள்; எல்லாம் நம் சொல்லின் உறவினர்களே. இந்தியில் ‘தாந்த்’, மராத்தியில் ‘தாத்’. யானைத் தந்தத்தைச் சொல்லும் அதே ‘தந்தம்’தான் அங்கே மாறி நிற்கிறது. வலிக்கு இந்தியில் ‘தர்த்’, வங்காளத்தில் ‘ப்யதா’, கன்னடத்தில் ‘நோவு’, தெலுங்கில் ‘நொப்பி’. வீக்கத்தை இந்தியில் ‘ஸூஜன்’ என்பர். இவ்வளவு தெரிந்தால் விரலால் பல்லைச் சுட்டிக் காட்டிப் பேச்சைத் தொடங்கி விடலாம்.

ஆனால் பேச்சை நம்பாமல் எழுத்தில் கொண்டு செல்ல வேண்டிய செய்திகளும் உண்டு. நீங்கள் உண்டு வரும் மருந்துகளின் சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா இவற்றில் எது இருந்தாலும் சொல்ல வேண்டும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுக்குப் பல் எடுக்குமுன் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். எலும்பு உறுதிக்கென ஜோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகள் எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு; அதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் முதலிய இரத்த உறைவுத் தடை மருந்துகளை உண்பவர்கள் பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. பல் எடுத்த இடத்தில் கசியும் இரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம். மருந்தை நிறுத்தியதால் இதயக் குழாயில் உறையும் இரத்தத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. கருவுற்ற பெண்களுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை ஏற்ற காலம். எனினும் சீழும் காய்ச்சலும் கண்டால் எந்த மாதமாயினும் காத்திருக்கலாகாது.

பல் எடுப்பதில் வலியே பெரிய அச்சம். அந்த வலியைப் போக்கும் முயற்சியிலிருந்துதான் இன்றைய அறுவை மருத்துவத்தின் மயக்க மருந்துக் கலையே வளர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பர் 11-ஆம் நாள் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து, தம் பல்லையே மற்றொருவரைக் கொண்டு எடுக்கச் செய்தார், வலி தோன்றவில்லை. 1846 செப்டம்பர் 30-ஆம் நாள் வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர் ஈதரைப் பயன்படுத்தி ஒருவர் பல்லை வலியின்றி எடுத்தார். இரு வாரங்களுக்குப் பின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பலர் முன்னிலையில் ஈதரைக் கொண்டு அறுவை நடைபெற்றது. 1943-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லோஃப்கிரன் லிடோகெய்ன் என்ற மருந்தை உருவாக்கினார். நினைவு தவறாமலே குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் அம்மருந்தே இன்றும் பல் மருத்துவர்களின் கையில் பெரிதும் புழங்குகிறது.

இம்மருந்தை ஊசி வழியே நரம்பின் அருகில் செலுத்துவார்கள். கீழ்த் தாடையாயின் உதட்டில் ஒரு பாதி தடித்துப் போனது போன்ற உணர்வு உண்டாகும். அதன்பின் வலி தெரியாது. அழுத்தம் மட்டும் தெரியும். இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்திருந்தால் வீண் திகில் இராது. வலி தெரிந்தால் உடனே கையை உயர்த்துங்கள். மீண்டும் மருந்து செலுத்துவார்கள். மருந்தோடு அட்ரினலின் சிறிதளவு கலந்திருப்பதால் சில நொடிகள் நெஞ்சு படபடப்பதும் உண்டு. அது விரைவில் அடங்கும். ஆனால் ஒன்று. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் இம்மருந்து நன்றாகப் பற்றுவதில்லை. வலிக்கு அஞ்சி நாள் கடத்தியவர், அந்தக் கடத்தலாலேயே கூடுதல் வலியைத் தேடிக் கொள்கிறார்.

‘பல்லைப் பிடுங்குதல்’ என்று வழக்கில் சொல்கிறோம்; அச்சொல் செயலைச் சரியாகக் குறிக்கவில்லை. பல் எலும்போடு ஒட்டி வளர்ந்தது அன்று. குழிக்குள் நுண்ணிய நார்களால் கட்டப்பட்டு நிற்பது. கன்று கட்டிய முளையைத் தரையிலிருந்து எடுப்பவன் அதை நேரே இழுப்பதில்லை. இப்பாலும் அப்பாலும் அசைத்து, குழி விரிந்தபின் எளிதில் எடுக்கிறான். மருத்துவரும் நெம்புகருவியால் நார்களை விடுவித்து, குறடால் பல்லைப் பற்றி, மெல்ல அசைத்து எலும்புக் குழியை விரியச் செய்து எடுக்கிறார். வேர் வளைந்திருந்தாலோ, ஞானப்பல் எலும்புக்குள் புதைந்திருந்தாலோ, ஈற்றைச் சிறிது கீறிப் பல்லைத் துண்டுகளாக்கி எடுத்துத் தையல் போடுவார். கரையாத நூலாயின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையலைப் பிரிப்பார்கள்.

பல் வெளிவந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. மறுபாதி நம் கையில் இருக்கிறது. குழியில் நிறையும் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அந்த உறைவே புண்ணுக்கு மூடி. அதன்மீதுதான் புதிய திசு வளர வேண்டும். அதைக் காப்பதே பின்பேணலின் முழு நோக்கம். வைத்துக் கொடுத்த துணியை 30 முதல் 45 நிமிடம் வரை அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கலாகாது, காறி உமிழலாகாது, உறிஞ்சு குழலால் குடிக்கலாகாது. உமிழ்நீரில் இளஞ்சிவப்பு நிறம் கலந்து வருவது இயல்பே. அதை விழுங்கி விடலாம். வெற்றிலை, புகையிலை, சிகரெட் ஆகியவற்றைக் குறைந்தது மூன்று நாள்களுக்கு விலக்குங்கள். நம்மவருக்குக் கடினமான விதி ஒன்று உண்டு: அன்றைக்குச் சூடான காப்பி கூடாது. தயிர்ச் சோறு, ஆறிய கஞ்சி, ஆறிய இட்லி ஆகியவை போதும். கன்னத்தின்மேல் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி விட்டுவிட்டு ஒற்றலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டா. வலிக்கு மருத்துவர் எழுதிய மருந்தையே உண்ணுங்கள். நாமாக ஆஸ்பிரின் வாங்கி உண்டால் இரத்தக் கசிவு நீடிக்கும். குழந்தைகள் மரத்த உதட்டை அறியாமல் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வர். மரப்பு நீங்கும்வரை அவர்களைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் முதல் ஒரு தம்ளர் இளஞ்சூடான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு மெல்லக் கொப்பளிக்கலாம்.

பல் எடுத்த இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்கு வலி குறைவதற்கு மாறாகக் கடுமையாகி, காது வரை தெறிக்கும். இரத்த உறைவு கலைந்து எலும்பு வெளிப்பட்டதே இதற்குக் காரணம். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் இது மிகுதி. மருத்துவர் குழியைக் கழுவி மருந்திட்டால் விரைவில் தணியும். ஆனால் அந்த நான்காம் நாள் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? சென்னையில் பல்லை எடுத்துக்கொண்டு மறுநாள் இரயிலேறியவர், ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் கடந்து, இரண்டு இரவுகள் பெட்டியில் கழித்து, தில்லியில் அலுவலகத்துக்குத் திரும்பும் நேரத்தில் அந்த வலி வரும். எடுத்த மருத்துவர் ஊரில் இருக்கிறார். குழி இங்கே இருக்கிறது. ஆதலின், ஊரில்தான் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாலும், விடுமுறையின் தொடக்கத்திலேயே எடுத்துக் கொள்ளுங்கள். வசிக்கும் நகரிலேயே எடுத்துக் கொள்வது இதனினும் நன்று.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் சில உண்டு. தாடைக்குக் கீழே இருபுறமும் கெட்டியான வீக்கம், வாயைத் திறக்க இயலாமை, நாக்கு மேலே தூக்கி நிற்றல், எச்சிலை விழுங்க முடியாமை, காய்ச்சல், மூச்சுத் திணறல் இவற்றுள் ஏதேனும் தோன்றினால் அது இரவாயினும் பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக் குழலை நெருக்கும் இந்நோயை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விளக்கினார். இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இதற்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று காப்பாற்ற முடியும்; ஆனால் மணிக்கணக்கு முக்கியம். அவ்வாறே, அரை மணி நேரம் துணியை அழுத்திக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும் உடனே செல்ல வேண்டும்.

ஈறு இரண்டு மூன்று வாரங்களில் மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். ஞானப்பல் நீங்கலாக மற்றப் பல்லின் இடத்தை நெடுங்காலம் வெறுமையாக விட வேண்டா. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாயும். எதிர் வரிசைப் பல் நீண்டு இறங்கும். கழற்றி மாட்டும் பல், இருபக்கப் பற்களைப் பற்றி நிற்கும் பாலப்பல், எலும்பில் பொருத்தும் செயற்கை வேர் என்று மூவகை வழிகள் உள்ளன. பல்லின் இடத்துக்கும் கைப்பொருளுக்கும் ஏற்பத் தேர்ந்து கொள்ளலாம்.

‘பல் போனால் சொல் போயிற்று’ என்பர் நம்மவர். வேற்று மாநிலத்தில் வேற்று மொழியைக் கற்று, அம்மொழியின் ஒலிகளைத் திருத்தமாகப் பேச முயன்று வாழும் நமக்குப் பல்லின் அருமை இருமடங்காகும். கூச்சம் கண்ட வாரத்திலேயே, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பல்லை எடுக்கவே நேராது. நேர்ந்தாலும் அது அஞ்சத்தக்க செயல் அன்று. ஊருக்குப் போகும் விடுமுறையைப் பெற்றோருக்கும் உறவினருக்கும், முறுக்குக்கும் சீடைக்கும் ஒதுக்கி வையுங்கள். அவற்றைக் கடித்து உண்ணப் பல்லும் வேண்டுமல்லவா?